தகவல் தந்தவர்

என் வீட்டுக்காரரின் அண்ணன் பெனடிக்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஆட்டோவில் கொண்டுவந்து எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள். நான் அப்போதுதான் நைட் டூட்டி சிஸ்டரிடமிருந்து வார்டைப் பொறுப்பேற்று, வார்டு டேப்லெட்டில், நாங்கள் டேப் என்போம், என் நம்பரைப் போட்டு நுழைந்திருந்தேன். அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிமிரவே முடியாமல் குனிந்தபடி நடந்து வந்தார். சுரங்கத்தில் முப்பது வருஷம் கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கட்டிய மனுஷன். காய்ச்சல் தலைவலி என்று ஒரு ஷிப்ட் விட்டதில்லை. அவரை அந்தக் கோலத்தில் நான் பார்த்ததே இல்லை.

பின்னாலேயே அவர் மனைவி அன்னமேரி வந்தார். ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டு. கார்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அந்தக் கார்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த ஒரு காரியம் இருந்தது.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பிராங்க்ளினுக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. அவர் மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். டெண்டர் முடிந்து புது காண்ட்ராக்டர் வந்திருந்த மாதம் அது. பழைய ஈ.எஸ்.ஐ. நம்பர் செத்துவிட்டது, புது நம்பர் இன்னும் பிறக்கவில்லை. காண்ட்ராக்ட் ஆளுக்கு அந்த மாதத்தில் நோய் வரக் கூடாது. இவருக்கு வந்து தொலைத்தது. அப்போது பெனடிக்ட் மாமாதான் சட்டைப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் பெர்மனென்ட். தன் பெயரில் தம்பியைச் சேர்த்துவிடச் சொன்னார். கார்டில் இருந்த போட்டோ பழசு, அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. அட்மிஷன் பாரத்தை நிரப்பியது நான். அந்தக் காலத்தில் வார்டு பாரமெல்லாம் நாங்கள்தான் எழுதுவோம், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மூன்று நாள் என் புருஷன் பெனடிக்ட் என்ற பெயரில் படுத்திருந்தார். ரவுண்ட்ஸில் டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திருதிருவென்று விழிப்பார், நான் பெட்ஷீட்டுக்குள் கையைவிட்டுக் கிள்ளுவேன். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். எங்கள் சொந்தத்தில் ஒருத்தரும் இதைக் குற்றம் என்று நினைக்கவில்லை. தம்பிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் என்ன அண்ணன் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

பைல் ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டது. அங்கே போன காகிதத்தை எலி படிக்கும், வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். போன வருஷம் மேனேஜ்மென்ட் புது சிஸ்டம் வாங்கியது. பத்து வருஷத்துப் பைல்களை ஸ்கேன் செய்து உள்ளே ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு நம்பர். அதை அழுத்தினால் அந்த ஆளின் உடம்பில் நடந்தது அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். புதுச்சேரியில் இருக்கும் சர்ஜன் தன் போனிலேயே பார்க்கலாம். கம்பெனி மெடிக்கல் பிரிவிலும் அவர்கள் ஆட்களுடைய விவரம் தெரியும். நான் அந்த டேப்பைக் குறை சொல்ல மாட்டேன். கையெழுத்து புரியாமல் மருந்தை மாற்றிக் கொடுத்த காலத்தையும் பார்த்தவள் நான், அந்தத் தப்பெல்லாம் இப்போது குறைந்துவிட்டது. நாங்கள் எழுதிக் கொடுத்த பொய்யையும் அது அதே அக்கறையோடு வைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஸ்கேன் வேலை தொடங்கிய வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரெக்கார்டு ரூமுக்குள் போய் அந்தப் பைலைத் தேடி எடுத்தேன். ஓரம்கூடக் கடிபடாமல் புதுசாக இருந்தது. முந்தானைக்குள் வைக்கப் போகும்போது வாசலில் ஆள் சத்தம் கேட்டது. பயந்து, இருந்த இடத்திலேயே செருகிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மறுபடி அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு டூட்டி டாக்டர் அருண்ராஜ். இருபத்தேழு வயது, நல்ல பையன், நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் விட்டுப்போகாதவர். வெள்ளிக்கிழமை ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி ஆரம்பித்ததாகவும், சனிக்கிழமை அது வலது பக்கம் கீழே இறங்கியதாகவும், இரண்டு முறை வாந்தி எடுத்ததாகவும் அன்னமேரி அக்கா சொன்னார். டாக்டர் வலது அடிவயிற்றை மெல்ல அழுத்தி, கையைச் சட்டென்று எடுத்தார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். டாக்டர் என் பக்கம் திரும்பி, தனக்கு இது குடல்வால் மாதிரியே தெரிகிறது என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் வாயைத் திறக்காமலே அவர் கண்டுபிடித்துவிட்டார். இனி எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்து மாதாவுக்கு மனசுக்குள் நன்றியும் சொல்லிவிட்டேன். அதற்குள் அவர் டேப்பை எடுத்து நம்பரை அழுத்தினார். மேலேயிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். தன்னைத்தானே கேலி செய்வதுபோல் லேசாகச் சிரித்தார்.

"ஐயா, உங்களுக்கு ஏற்கெனவே குடல்வால் ஆப்பரேஷன் ஆயிருக்கா?"

மாமா அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வலியிலும் அவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது.

"ஆயிருக்கு சார். ஏழு வருஷம் ஆச்சி. இங்கதான்."

டாக்டர் வயிற்றில் தழும்பைத் தேடினார். டெலஸ்கோப் ஆப்பரேஷன், மூன்று சின்னப் பொட்டுதான் இருக்கும். மாமாவுக்குத் தொப்புளுக்குக் கீழே எப்போதோ கட்டி வந்து ஆறிய ஒரு வடு உண்டு. ரோமத்துக்கு நடுவே அதைப் பார்த்ததும் டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். டேப் சொன்ன பிறகு கண்ணும் அதையே சொல்லும் போலிருக்கிறது. நான் பக்கத்தில் டிரேயோடு நின்றுகொண்டிருந்தேன்.

சர்ஜன் செங்குட்டுவன் புதுச்சேரியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே தன் போனில் எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். ரத்தத்தில் வெள்ளணு கூடுதல், சிறுநீரிலும் கொஞ்சம் ரத்த அணு. குடல்வாலே இல்லாதவருக்குக் குடல்வால் எப்படி வீங்கும், சிறுநீர்ப் பாதையில் கல்லாக இருக்கும், கூடவே கிருமித் தொற்று என்றார். டிரிப், ஆன்டிபயாட்டிக், வலிக்கு ஊசி போடச் சொன்னார். ஸ்கேன் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார், திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்த விவரத்துக்கு அவர் சொன்னது சரிதான்.

வலி ஊசியைப் போட்டது நான். பதினெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. இந்த ஊசி வலியை மூடும். வலியை மூடினால் நோய் உள்ளே என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது தெரிந்தே போட்டேன்.

வராந்தாவுக்கு வந்ததும் அன்னமேரி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஊரில், மேல்பட்டாம்பாக்கத்தில், எனக்குக் கல்யாணப் புடவை கட்டிவிட்டவர் அவர். பிடி அன்றைக்குப் போலவே இறுக்கமாக இருந்தது.

"ரெஜினா, வாயத் தொறந்துடாத. ரிட்டயர்டுக்கு இன்னும் பதினாலு மாசந்தான் இருக்குது. இப்ப போயி கார்டு வெவகாரம் வெளிய வந்துச்சின்னா அவர வெச்சிப் பாப்பாங்களா? கல்லுன்னுதான சொல்றாங்க. கல்லாவே இருந்துட்டுப் போவுது."

கல்லாகவே இருக்கட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். இருக்கவும் கூடுமே. குடல்வால் உள்ளவர்களுக்கும் கல் வருகிறதே. இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மற்ற ஒன்பது நோயாளிகளுக்கும் மருந்து கொடுத்துவிட்டு வந்தேன். யாருக்கு என்ன கொடுத்தேன் என்று இன்றைக்குக் கேட்டால் டேப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் சிஸ்டத்தில் ஒரு வசதி உண்டு. மணிக்கு ஒருமுறை நாடி, மூச்சு, சூடு, பிரஷர் எல்லாவற்றையும் ஏற்றினால் அது கூட்டிப் பார்த்து நிறம் காட்டும். பச்சை, மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு. ஆரஞ்சு வந்தால் டாக்டர் போனில் மணி அடிக்கும். நான் அந்த நிறத்தைத்தான் நம்பினேன். எண்கள் சொல்லிக்கொள்ளட்டும், நான் சொல்ல வேண்டாம். ஒன்பது மணிக்கு மஞ்சள். பத்து மணிக்கு நாடி நூற்றுப் பன்னிரண்டு, சூடு நூற்றிரண்டு, ஆரஞ்சு. டாக்டர் ஓடிவந்தார். வயிற்றைத் தொட்டார், ஊசியின் மயக்கத்தில் மாமா அவ்வளவாக முனகவில்லை. டாக்டர் டேப்பை மறுபடி திறந்து அதே பழைய வரியைப் பார்த்தார். டிரிப்பைக் கூட்டிவிட்டு, கிருமிதான், மருந்து வேலை செய்ய நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா டாய்லெட்டுக்குப் போன சமயம் பார்த்துக் கட்டில் ஓரம் குனிந்தேன்.

"மாமா, டாக்டர்கிட்ட சொல்லிடலாம். இது கல்லு இல்ல. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வெடிச்சிட்டா உயிருக்கே ஆபத்து."

அவர் கண்ணைத் திறந்தார். தெளிவாகத்தான் இருந்தார், அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

"சர்வீஸ்ல செத்தா ஜெப்ரினுக்கு வேல கேக்கலாம், ரெஜினா. டிஸ்மிஸ் ஆயி உயிரோட இருந்தா என்னாத்த கேக்கறது?"

ஷிப்ட் மாறியதைச் சொல்கிறவர் மாதிரி அதைச் சொன்னார். ஜெப்ரின் அவருடைய ஒரே மகன். டிப்ளமா முடித்துவிட்டு மூன்று வருஷமாகக் காண்ட்ராக்டில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போய் வருகிறான். அவன் பெர்மனென்ட் ஆக வேண்டும் என்பது அந்த வீட்டில் ஜெபமாலையோடு தினமும் சொல்லப்படுகிற வேண்டுதல். அதற்காக ஒரு மனுஷன் தன் வயிற்றுக்குள் ஒரு வெடியை வைத்துக்கொண்டு படுத்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

"தம்பி பொண்டாட்டியா சொல்லணும்னு தோணுனாலும் சொல்லாத. நர்ஸா சொல்லணும்னு தோணுனாலும் சொல்லாத. எனக்கு சத்தியம் பண்ணு" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். அதை அவர் சத்தியம் என்று எடுத்துக்கொண்டார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று பிராங்க்ளினுக்குப் போன் போட்டேன். அவருக்கு அன்றைக்கு முதல் ஷிப்ட், பின்னால் பெல்ட் ஓடும் இரைச்சல். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்காகக் குடுத்த கார்டு அது, அண்ணன் என்னா சொல்றாரோ அப்பிடியே செய்யி, என்னக் கேக்காத என்றார். சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. உயிர் அவர் அண்ணனுடையது, வேலையும் அவர் அண்ணனுடையது. முடிவு மட்டும் என் தலையிலா?

பதினொன்றே முக்காலுக்கு வார்டிலிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம். ஓடினேன். மாமா தலையணையில் சாய்ந்திருந்தார். முகத்தில் வேர்வை, ஆனால் சுருக்கம் போயிருந்தது.

"வலி விட்டுப்போச்சி. சட்டுனு அப்பிடியே எறங்கிடுச்சி. ஒரு வாய் காபி கிடைக்குமா?"

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். கல் நழுவி விழுந்துவிட்டது, மாதா கைவிடவில்லை என்றார். பிளாஸ்க்கைத் திறக்கப் போனார். நான் அதை வாங்கித் தூர வைத்தேன்.

என் சர்வீஸின் இரண்டாம் வருஷம், வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இப்படித்தான் வலி விட்டுவிட்டது என்று சிரித்தாள். பன் கேட்டுச் சாப்பிட்டாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் இல்லை. வீங்கினது வெடித்தால் கொஞ்ச நேரம் வலி இருக்காது. அதற்குப் பிறகு சீழ் வயிறு முழுக்கப் பரவும். நான் மாமாவின் வயிற்றில் கை வைத்தேன். பலகை போல இறுகியிருந்தது. நாடி நூற்று முப்பது. அந்த நிமிஷம் எனக்கு சத்தியமும் ஞாபகம் இல்லை, ஜெப்ரினும் ஞாபகம் இல்லை. இந்த ஆள் என் கண் முன்னால் சாகப் போகிறார், நான் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

டாக்டர் அறைக்கு ஓடினேன். ஓடும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். அந்த ஆப்பரேஷன் நடந்தது என் புருஷனுக்கு, பாரத்தை எழுதியது நான். இதைத்தான் சொல்லப் போனேன், சத்தியமாக. கதவைத் தள்ளினேன். அருண்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவரில் மேனேஜ்மென்ட் ஒட்டிய அறிவிப்பு இருந்தது. ரெக்கார்டில் தவறான விவரம் பதிந்தால் வேலை நீக்கம், நர்சிங் கவுன்சிலுக்குப் புகார். வாயைத் திறந்தேன், வேறு வாக்கியம் வந்தது.

"டாக்டர், அவரு வொய்ஃப் இப்பதான் சொன்னாங்க. அந்த ஆப்பரேஷன் இவருக்கு நடக்கல. தம்பிக்கு நடந்திருக்கு, இவரு கார்டுல. வயிறு பலகையா இருக்கு டாக்டர்."

நாற்காலி கீழே விழ எழுந்து ஓடினார். கட்டிலருகே போய், அம்மா நீங்க சொன்னது நிஜமா என்று அக்காவிடம் கேட்டார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். மாமாவின் கண் அதற்குள் செருகியிருந்தது, அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. அக்கா என்னைப் பார்த்தபடியே, ஆமாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. செங்குட்டுவன் சார் பந்தியிலிருந்து எழுந்து பட்டு வேட்டியோடு காரில் கிளம்பினார். ஒன்றரை மணிக்குள் வந்துவிட்டார். அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது தியேட்டர் பதிவு நின்றுவிட்டது. இந்த நோயாளிக்கு இந்த அறுவை ஏற்கெனவே நடந்திருக்கிறது என்று டேப்பில் சிவப்புப் பெட்டி வந்தது. பழைய விவரத்தைத் திருத்தினால்தான் மேலே போகும். திருத்தக் காரணம் கேட்டது, எழுதினேன். தகவல் தந்தவர் யார் என்று கேட்டது. கீழே மூன்று வரி. நோயாளி, உறவினர், ஊழியர்.

சீக்கிரம் போடுங்க சிஸ்டர் என்று அருண்ராஜ் அவசரப்படுத்தினார். என் விரல் மூன்றாவது வரிக்கு மேலே ஒரு நொடி நின்றது. பிறகு இரண்டாவதைத் தொட்டேன். என்ன உறவு என்று கேட்டது. மனைவி என்று போட்டேன். பெட்டி பச்சையாகிவிட்டது. மாமாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வயிறு முழுக்கச் சீழ். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டியிருந்திருக்கும் என்று சர்ஜன் வெளியே வந்து சொன்னார். சரியான நேரத்தில் சொன்னீங்கம்மா என்று அக்காவைப் பாராட்டினார். அக்கா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் ஐ.சி.யூ.வில் மாமாவுக்கு நன்றாக நினைவு வந்தது. தண்ணீர் கேட்பார் என்று குனிந்தேன். யார் சொன்னது என்று கேட்டார். டாக்டரே கண்டுபிடித்துவிட்டார் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து வாசலில் எந்த ஜீப் நின்றாலும் கால் தானாக மருந்து அறைப் பக்கம் திரும்பிவிடும்.

கம்பெனி ஜீப் பத்தாம் நாள் வந்தது. நான் செய்த திருத்தம் அன்றைக்கே தானாகக் கம்பெனி மெடிக்கல் பிரிவுக்குப் போய்விட்டிருந்தது. இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், அக்கா காலடியில். டிரஸ்ஸிங் மாற்ற வந்த நான் டிரேயோடு மாட்டிக்கொண்டேன்.

மாமா எதையும் மறைக்கவில்லை. கார்டைக் கொடுத்தது தான், தம்பிக்கு வேறு வழியில்லாமல் செய்தது என்றார். ரெஜினாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்த பாரத்தை அவள் காப்பி எடுத்திருப்பாள் என்றும் சொன்னார். கேட்காமலே சொன்னார். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. ஏழு வருஷம் வெளியே வராதது இப்போது எப்படி வந்தது என்று அவர்களையே கேட்டார்.

அதிகாரி கையிலிருந்த பிரின்ட்டைப் பார்த்து வாசித்தார். தகவல் தந்தவர், உறவினர். உறவு, மனைவி.

மாமா மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். என்னைக் கை காட்ட அவருக்கு ஒரு விரல் போதும். காட்டியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாங்க, நான்தான் சொன்னேன். எனக்கு என் புருஷன் வேணும்."

டிரே என் கையிலேயே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மாமாவை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை நடக்கிறது, என்ன முடிவாகும் என்று தெரியாது. குவார்ட்டர்ஸில் இப்போதைக்கு இருக்கலாம். பிராங்க்ளினுக்கு அந்த மாதமே கேட் பாஸ் புதுப்பிக்கவில்லை, காண்ட்ராக்ட் வேலை போயிற்று. டிஸ்சார்ஜ் ஆன அன்று, ஆஸ்பத்திரிக் குழாயடியில் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டே அக்கா என்னிடம் பேசினார். ரெண்டு வூட்டுக்கும் இப்ப நெலையான வேலன்னு உன்னுது ஒண்ணுதான் இருக்குது, நீ பேசாம இரு என்றார். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. டூட்டி முடிந்து தினமும் சாயங்காலம் இருபத்தோராம் பிளாக்கில் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போய் டிரஸ்ஸிங் மாற்றிவிட்டு வருகிறேன். மாமா என்னிடம் பிரியமாகப் பேசுகிறார். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, பெத்த பிள்ள மாதிரி நீ ஒருத்திதான் குடுத்த வாக்கக் காப்பாத்தின என்றார். நான் பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் அது அவரோடு நிற்காது, விசாரணைக்குப் போகும், என் நம்பரைப் போட்டால் அந்த டேப் திறக்காத ஒரு நாள் வரும் என்று பயம் வந்தது. புண்ணைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அக்கா நாலடி தள்ளி அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மாமா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டியதை நான் வரும்போது என்னிடம் சொல்கிறார், நான் இல்லாதபோது ஜெப்ரினிடம் சொல்கிறார்.

"அவகிட்ட தண்ணி கேளு, ரெஜினா" என்றார்.

"அக்கா, மாமா தண்ணி கேக்கறாரு" என்றேன்.

அக்கா முறத்தை வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கி அவரிடம் கொடுத்தேன்.